வட்டத்துக்குள் மூன்று கோடு

டணார்!

தட்டில் ஏதோ விழுந்த சத்தத்தில் சிஸுருவின் கையிலிருந்த குச்சிகள் எலும்பை விட்டு நழுவப் பார்த்தன. எதிரே நின்ற கிழவர் நாகே, தன் குச்சிகளால் எலும்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுடாதேம்மா. கீழே போட்டா உங்கப்பா எழுந்து வந்து திட்டுவார்."

ஊர் வழக்கப்படி, எரித்த பிறகு மிஞ்சும் ஒவ்வோர் எலும்பையும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று குச்சிகளால் தூக்கிக் கலயத்தில் இட வேண்டும். அப்பாவின் சாவுக்கு வந்த ஒரே மனிதர் நாகே. ஆயுதச்சாலையில் அப்பாவுடன் வேலை பார்த்தவர். அவரும் வராதிருந்தால், தகனசாலை ஊழியரைத்தான் எதிரே நிற்கச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து அறையில் வேறொரு குடும்பம் கூட்டமாக விசும்பிக்கொண்டிருந்தது.

காலிலிருந்து தொடங்கி வலது தோளுக்கு வந்திருந்தார்கள். அந்த எலும்பிலிருந்துதான் ஒரு இரும்புத் துண்டு தட்டில் விழுந்திருந்தது.

"பெட்டிக்குள்ள இரும்பு வைக்கக் கூடாதுன்னு சொன்னேனேம்மா" என்றார் ஊழியர்.

"நான் எதுவும் வைக்கலையே."

நாகே குனிந்து பார்த்தார். "இவ வைக்கலை. அவரே உள்ள வச்சிருந்தார்."

"ரயில்லேர்ந்து விழுந்து தோள் போச்சுன்னுதானே அப்பா சொன்னார், மாமா?"

"ரயிலா! கப்பல்னு சொல்லாம விட்டாரே."

அப்பாவின் வலது கை மார்புக்கு மேல் எழும்பி அவள் பார்த்ததில்லை. அம்மா போன பிறகு சாப்பாட்டு மேசையில் அவர்கள் இருவர் மட்டும்தான். 'ஒரு கிண்ணத்தை எடுத்து நீட்டக்கூட முடியாதா? மகள்னா வேலைக்காரியா?' என்று அவள் குத்துவாள். அவர் ஜன்னலைப் பார்ப்பார். வருஷம் போகப் போக அந்தக் குத்தலும் நின்று, மேசையில் பாத்திரச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"யுத்தம் முடியற சமயம்" என்றார் நாகே. "தானே குண்டு ஏத்திக்கிற புதுத் துப்பாக்கி. விரல் விட்டு எண்ணுற அளவுதான் செஞ்சோம். ஒண்ணை உங்கப்பாதான் பூட்டினார், அவரே சுட்டும் பார்த்தார். பின்பக்கம் வெடிச்சு ஒரு துண்டு தோளுக்குள்ள போயிடுச்சு."

"டாக்டர் துண்டை எடுக்கலையா?"

"இவர் எங்கே விட்டார்? துண்டு கிடைச்சா, அதைச் சோதிச்சு முத்திரை அடிச்சது யாருன்னு தெரிஞ்சிடும். நாசவேலைன்னு ராணுவப் போலீஸ் அந்த ஆளை இழுத்துட்டுப் போயிடும். அதிகாரி கட்டில் பக்கத்துலயே நின்னார். 'உள்ள ஒண்ணும் இல்லை, எங்கேயோ தெறிச்சுப் போச்சு'ன்னு இவர் ஒரே பிடியா சாதிச்சார். யுத்தம் முடிஞ்சப்புறமும் எடுத்துக்கலை."

"யார் முத்திரை அது?"

"எங்கிட்டயே சொல்லலைம்மா. பள்ளிக்கூடப் பொண்ணுங்களை எல்லாம் கொண்டாந்து கொட்டகையில வரிசையா உக்கார வச்சிருந்தாங்களே, நீகூட இருந்தியே. அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தியோடதா இருக்கும்."

சிஸுரு துண்டைக் குச்சியால் கவ்விக் கைக்குட்டையில் வைத்துத் துடைத்தாள். இன்னும் சூடு இருந்தது. கருகிய செதில் உதிர்ந்தது. ஒரு சின்ன வட்டம். அதற்குள் மூன்று கோடு.

கொட்டகையில் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு முத்திரை. அவள் சுத்தியலால் அடித்தது இதைத்தான்.

"என்னம்மா, ஏதாவது தெரியுதா?" என்றார் நாகே. அவருக்குக் கண் மங்கல்.

ஊழியர் ஒரு தகர டப்பாவை நீட்டினார்.

"எலும்பு இல்லாததை எல்லாம் இதுல போட்டுடுங்க. அதையெல்லாம் யாரும் கேட்டு வர மாட்டாங்க."

சிஸுரு கைக்குட்டையை மடித்து மூடினாள்.

"இது என்னோடதுங்க."