குறை ஏதும் உண்டோ

அந்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்குப் புதுப் பைத்தியம் ஒன்று பிடித்திருந்தது. எந்தப் பாடம் முடிந்தாலும் மாணவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், கேட்டதை எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். புவிச்சரிதவியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராக இருந்த பூரணி நிரந்தரமாவதும் ஆகாததும் அந்தக் கருத்துகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் சேர்ந்து வந்த மலைநாட்டுக் களப்பயணத்தில் கடைசி இடம், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த பழைய மண்சரிவு. பழைய விசாரணை அறிக்கை ஒன்றைப் படித்துவிட்டு இடத்தைத் தெரிவுசெய்தவர் மூத்த விரிவுரையாளர் சிவராசா. அது பூரணி பிறந்த தோட்டம் என்பது அவருக்குத் தெரியாது. அந்த மண்ணுக்குள் அவளுடைய அம்மா நாகலெட்சுமியும் தங்கச்சி மீனம்மாவும் கிடக்கிறார்கள் என்பதும் தெரியாது. ஹட்டனில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் தப்பியவள் பூரணி. இதையெல்லாம் அவள் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

மேல்மலையில் கான் வெட்டாமல் விட்டதால் மழைத்தண்ணீர் தேங்கி, மண் ஊறி, தொழிலாளர் குடியிருந்த லயத்தின் மேல் சரிந்தது என்று அறிக்கை சொன்னது. கான் என்பது தேயிலைச் சரிவில் தண்ணீர் வடிய வெட்டும் வாய்க்கால். அந்த மலையில் கான் வெட்டும் ஆள் அவளுடைய அப்பா பழனியாண்டி.

அறிக்கை சொல்லாத ஒன்றும் உண்டு. துரை பங்களாவுக்கு விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு பழனியாண்டியைக் கானிலிருந்து எடுத்து பங்களா ரோட்டைச் செப்பனிடப் போட்டிருந்தார். கானை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். விசாரணையில் அதைச் சொல்லப் பழனியாண்டிக்கு வாய் வரவில்லை. வேலை போனால் மிஞ்சியிருந்த ஒரு மகளின் படிப்பும் போய்விடும். எழுதி நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்.

இந்த முறை உள்ளதைச் சொல்லிவிடுவது என்று பூரணி முடிவு செய்திருந்தாள். போன வாரம் தோட்டத்து ஆபீசுக்குப் போன் எடுத்து அப்பாவிடம் சொன்னபோது அவர் பதறிப்போனார்.

"வேணாம்மா. ஏம் மகளுன்னு தெரிஞ்சா, அப்பன் மேல உள்ள குத்தத்த மறைக்கத்தான் இவ வந்திருக்கான்னு சொல்லுவாங்க. பாடத்தப் பாடமா நடத்து. என்னையத் தெரியாத மாதிரி இரு."

அப்படியே நடத்தினாள். சரிவின் கோணத்தையும் மண்ணின் தன்மையையும் சொன்னாள். அங்கே நின்றதும் அழுகை வரும் என்று பயந்திருந்தாள், வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அம்மாவை நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் உறைக்கவில்லை.

பிறகு எல்லாரும் பிள்ளைமடுவத்துக்கு வந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் அந்தக் கட்டடத்தில், இப்போது அடுப்பு மூட்டித் தேத்தண்ணி ஊற்றுவது பழனியாண்டியின் வேலை. கேத்தலோடு நின்ற அவரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்லதையும் சொல்லுங்கோ, குறை இருந்தா அதையும் சொல்லுங்கோ. மிஸ் எழுதுவா," என்றார் சிவராசா.

லோஜனா முதலில் எழுந்தாள். "இண்டைக்குப் பாத்த இடம்தான் சேர் திறம். படிச்சு விளங்காதது இஞ்சை வந்துதான் விளங்கினது."

அடுத்தது விதுசன். "எனக்கு ஒரு குறை இருக்கு. கான் வெட்டாததாலைதான் சரிஞ்சது எண்டு மிஸ் சொன்னவா. ஏன் வெட்டேல்லை எண்டு சொல்லேல்லை."

பூரணியின் பேனா நின்றது. நல்ல கேள்வி. இத்தனை வருடமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி. இப்போது சொல்லிவிடலாம், வாயைத் திறந்தால் போதும். அப்பாவைப் பார்த்தாள். லோஜனாவின் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தவர், அதிலிருந்து கண்ணை எடுக்காமலே, வேண்டாம் என்று இலேசாகத் தலையை அசைத்தார்.

"அது அறிக்கையில இல்ல விதுசன்," என்றாள்.

சிவராசா கெட்ட மனிதர் இல்லை. பிள்ளையின் கேள்விக்குப் பதில் கிடைக்கட்டும் என்றுதான் கிழவர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் இஞ்சத்தை ஆள்தானே? ஏன் அந்தக் கானை வெட்டாமல் விட்டவை?"

பழனியாண்டி கேத்தலைக் கீழே வைத்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் துரைக்கு முன்னால் நிற்பதுபோலத் தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சோம்பேறித்தனந்தாங்க. கான் வெட்டுற ஆளு ஒழுங்கா வேல செய்யல. டீச்சரம்மா சொன்னதெல்லாம் சரிதாங்க."

"ஒரு ஆளின்ரை பஞ்சியாலை இவ்வளவு சனம் செத்திருக்கே," என்றான் விதுசன். "அந்த ஆளுக்கு என்ன நடந்தது?"

"அவனா? அவன் இருக்கானுங்க."

பூரணி எழுதினாள். கான் வெட்டும் ஆளின் சோம்பேறித்தனம் என்று. எழுத்து குண்டுகுண்டாக, கரும்பலகையில் எழுதியதுபோல விழுந்தது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதுவும் எங்கோ தூரத்தில் இருந்தது.

சிவராசாவுக்கு மகிழ்ச்சி. "இந்த இடத்தை இனி ஒவ்வொரு வருசமும் வைப்பம். நீர்தான் வந்து செய்யவேணும், பூரணி. உம்மடை நிரந்தர அலுவலும் இதோடை சரிவரும்."

"சரி சேர்."

பிள்ளைகள் எழுந்து பஸ்ஸை நோக்கிப் போகத் தொடங்கினார்கள். பழனியாண்டி கேத்தலோடு அவளிடம் வந்தார். பக்கத்தில் சிவராசா நின்றார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தவாங்க, டீச்சரம்மா?"

"போதுங்க. ரொம்ப நன்றி."

லயத்தில் பெற்ற தகப்பனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. வெளியாளுக்குத்தான் சொல்வார்கள். பழனியாண்டி கேத்தலை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "நல்லதுங்க" என்று சொல்லி, அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.