தனியாளுக்குப் பூஜ்யம்

2024 மார்ச் 14, வியாழக்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது; ஆனால் மழைக்கு வர மனமில்லை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் இடமாற்ற மதிப்பெண் பட்டியலை ஒட்டிவிட்டு, பசைக் கையைத் துடைத்தபடி தட்டச்சுப் பெண் குரல் கொடுத்தாள்.

"அக்கா, வந்து பாருங்க. உங்களுக்கு முட்டை."

சுத்தக்காரி எழுந்து வந்தாள். கழுவிய புட்டியை மறுபடியும் கழுவுபவள் என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது. வயது நாற்பத்து மூன்று. இருபது ஆண்டுப் பணி. பட்டியல் விதி எளியது. கணவனோ மனைவியோ இவ்வூரில் வேலை பார்த்தால் இருபது மதிப்பெண். பிள்ளை இங்கே படித்தால் பத்து. வயதான பெற்றோர் உடனிருந்தால் ஐந்து. இருபது ஆண்டுப் பணிக்கென ஒரு கட்டம் போட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

வெளியூர்க் கிளையின் இளநிலை ஆய்வாளர் ஒருத்தி, தன் கணவர் இங்கே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதைக் காட்டி, சுத்தக்காரியின் இடத்தைக் கேட்டிருந்தாள். இது மூன்றாம் முறை. இதற்கு முன் இரண்டு ஊர்களில் இரண்டு தம்பதியரை ஒன்றுசேர்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் சுத்தக்காரி. கல்யாணத் தரகருக்காவது ஒருவேளைச் சாப்பாடு கிடைக்கும்.

இம்முறை அவள் நகர்வதாக இல்லை. மூன்றாம் மாடியில் கிழக்குப் பார்த்த ஓர் அறை. அதில் ஒரு கட்டில். அதன் நடுவில் படுப்பாள். மாலையில் "வந்துட்டியா?" என்று கேட்க ஆளில்லாத குறை அவளுக்கும் உண்டு, அதை அவள் மறுத்ததில்லை. அந்தக் குறையையாவது பழகிய ஊரில் வைத்துக்கொள்ள விரும்பினாள்.

"விசாரணைக்குப் பதினாலு நாள் டைம் இருக்கு அக்கா. ஒரு புருஷனைப் பிடிச்சிடலாம்."

"எதுக்கு?"

"இருபது மார்க்குக்கு!" என்று சொன்ன தட்டச்சுப் பெண், அவள் கைபேசியை வாங்கி, ஜோடி தேடும் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள்.

ஒரே ஒருவரை, ஒரே ஒருமுறை, ஒரு காப்பிக் கடையில் சந்தித்தாள். அவருடைய படத்தில் யாரோ ஒருத்தியை வெட்டி நீக்கியிருந்தார்கள்; வெட்டிய கை அவசரக் கை போலும், மோதிரம் போட்ட நான்கு விரல்கள் அவர் தோளிலேயே தங்கிவிட்டன.

"இந்தக் கை யாரோடது?"

"அக்காவோடதுங்க."

"அக்கா ரொம்ப இறுக்கமா பிடிச்சிருக்காங்க."

காப்பி ஆறுவதற்குள் அவருக்கு ஓர் அவசர வேலை வந்துவிட்டது.

மேலாளர் வேறு வழி காட்டினார். அவர் மேசையில் குடும்பப் படம் ஒன்று இருந்தது. அவரைப் பார்த்தபடி அல்ல, எதிரில் உட்காருபவரைப் பார்த்தபடி.

"ஆட்சேபணையில அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு ஒரு வரி எழுதுங்களேன்."

"அம்மா போய் ஒம்பது வருஷமாச்சு சார்."

"அப்பா?"

"அவர் அம்மாவுக்கு முந்திக்கிட்டார்."

"அட, யாராவது ஒருத்தர் வேணுமேம்மா!"

அவள் எழுதிக் கொடுத்த காரணம் இரண்டே சொல்: 'இங்கிருக்க விரும்புகிறேன்.' மேலாளர் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அது வெற்றுத்தாள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, பழச்சாறு வந்த புட்டியில் தண்ணீரோடு ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

"இந்தப் பாட்டில் செல்லாது. நாங்க குடுக்கறதுலதான் பிடிக்கணும்," என்றாள்.

"தண்ணிக்காக வரல மேடம்." குரலைத் தாழ்த்தினார். "கண்ணாடிக் கடை. உங்க இடத்தைக் கேட்டிருக்காங்களே, அவங்க வீட்டுக்காரர். நீங்க மட்டும் விட்டுக்குடுத்துடாதீங்க."

அவள் கையுறையைக் கழற்றினாள். "எதுக்காம்?"

"மாசத்துல ரெண்டு நாள் வர்றா, ரெண்டு நாளும் நல்லா இருக்கோம். முப்பது நாளும்னா… தனியா இருந்து பழகிப்போச்சு மேடம். எனக்குத் தோணுறப்ப சாப்பிடறேன், தோணுறப்ப தூங்கறேன். உங்களுக்குத் தெரியாததா?"

"அவங்களுக்குத் தெரியுமா?"

"ஐயய்யோ! மனசு ஒடிஞ்சிடுவா."

இருபது ஆண்டுகளாக வாடகை வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும், மேலாளர்களுக்கும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்களுக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி அவள் வாழும் வாழ்க்கையை, இந்த மனிதர் யாருக்கும் விளக்காமல் திருட்டுத்தனமாக வாழ்ந்துகொண்டிருந்தார்; அதற்கு இருபது மதிப்பெண்ணும் அவர் வீட்டுக்கே.

"விசாரணைக்கு வாங்க. அங்க சொல்லுங்க," என்று புட்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

மார்ச் 28 அன்று அவர் வந்தார், மனைவியோடு. ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத்தில் கசங்கிய புடைவையும் கலையாத சிரிப்புமாக வந்திருந்த அந்தப் பெண்ணை வெறுக்கச் சுத்தக்காரியால் முடியவில்லை. வெறுப்பு முழுவதையும் பக்கத்து நாற்காலிக்கே ஒதுக்கினாள்.

விண்ணப்பத்தைப் புரட்டிய மேலாளர் நிமிர்ந்தார். "கணவர் கையெழுத்து இல்லையே? இருவரும் போட்டாத்தான் செல்லும்."

"மூணு தடவை அனுப்பினேன் சார். மூணும் தபால்ல தொலைஞ்சிடுச்சாம்," என்றாள் மனைவி. "அதான் கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

கணவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பேனா அங்கேயேதான் இருந்தது. அவர்தான் நெடுநேரம் தேடினார்.

ஒரே வாக்கியத்தில் சுத்தக்காரி தன் அறையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது அவர் சொல்ல வேண்டிய வாக்கியம். அவருக்காகப் பேச அவள் அவருடைய மனைவியல்லள்.

"சார், சேர்ந்து இருக்க அவருக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேளுங்க."

மேலாளர் சிரித்தார். "நல்ல கேள்விம்மா! புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருக்கக் காரணம் கேப்பாங்களா?"

"தனியா இருக்கறதுக்கு என்கிட்ட கேட்டீங்களே."

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்; அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"இந்த நாளுக்காகத்தானே சார் மூணு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்," என்றார். கண்கூடக் கலங்கியது. அது ஆனந்தக் கண்ணீர் என்று மனைவி அவர் கையைப் பற்றினாள். மற்றக் கையால் அவர் கையெழுத்திட்டார், வளைவு நெளிவு எதையும் விடாமல், அடிக்கோட்டோடு.

பிறகு, தன்னை நட்டாற்றில் விட்டவளைப் பார்ப்பதுபோலச் சுத்தக்காரியைப் பார்த்தார்.

"வருத்தப்படாதீங்கம்மா," என்றார் மேலாளர், அவளுடைய இடமாற்ற ஆணையைத் தன் பக்கம் இழுத்து. "உங்களுக்கென்ன, ஒரு பெட்டி, ஒரு ஆள்." கையெழுத்திட்டார், முத்திரையைக் குத்தினார், மை காய இருமுறை ஊதிவிட்டு, தாளை அவளிடம் நீட்டினார்.