விசிலின் அறிவுப்பல்

முகாமின் பல் மருத்துவப் பிரிவில் அலமாரியில் வைத்திருந்த பிளாஸ்டர் அச்சுகளுக்கு வயதானது. எல்லைச் சாவடியில் ஒரு சிப்பாய் சோற்றில் கல்லைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டால், இங்கே அவன் எண் எழுதிய அச்சிலும் அதே பல் அதே மூலையில் உடைந்திருக்கும். சிகரெட் பழகியவனின் அச்சு மஞ்சளாகும். இறந்துபோனவனின் அச்சு அன்றோடு நின்றுவிடும். விரலால் சுண்டினால் பீங்கான் கிண்ணம் மாதிரி 'டங்' என்று சத்தம் வரும். உயிரோடு இருப்பவனின் அச்சு ஈரச் சுவரைத் தட்டியது போல 'தொப்' என்றுதான் கேட்கும். இதையெல்லாம் அங்கே யாரும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. தகரக் கூரை ஒழுகும், கருவிகளைக் கொதிக்க வைக்கும் அண்டா திங்கட்கிழமையானால் மக்கர் பண்ணும், அச்சுகளுக்கு வயதாகும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, டீ எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்வார்கள்.

பல்லக்கா அங்கே உதவியாளாகச் சேர்ந்தது அந்தத் தகரக் கூரை புதிதாக இருந்த காலத்தில். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது, சம்பள நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். சிப்பாய்களுக்கு அவள் பல்லக்கா. வராந்தாவில் அவள் நடந்து வந்தால், "பல்லக்கு வருது, வழிவிடுங்க" என்று ஒருவன் குரல் கொடுப்பான், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். உதவியாள் வேலை என்பது டாக்டருக்கு மூன்றாவது கையாக இருப்பது. கருவிகளைக் கொதிக்கவைத்து வரிசையாக அடுக்க வேண்டும். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வேண்டும், சிமெண்டைக் கண்ணாடிச் சில்லில் வெண்ணெய்ப் பதத்துக்குக் குழைக்க வேண்டும், பயந்தவனின் தோளை அழுத்தாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். டாக்டர் வாய்க்குள் பார்த்துச் சொல்லச் சொல்ல, எந்தப் பல் இருக்கிறது, எது சொத்தை, எது இல்லை என்று அட்டையில் குறிக்க வேண்டும். கிராம்புத் தைல வாசனை தலைமுடியில் ஏறி, வீட்டுத் தலையணை வரைக்கும் வந்துவிடும். அது ஒரு காலம்! இன்றைக்கும் கிராம்பை மோந்தால் அந்த வராந்தாவும் அதில் உட்கார்ந்திருந்த இளவட்ட முகங்களும் அவளுக்கு அப்படியே வந்து நிற்கும்.

அவள் முதன்முதலாக அட்டை எழுதியது சொந்தத் தம்பிக்கு. அக்கா சேர்ந்த அதே மாதம் அவனும் சிப்பாயாகச் சேர்ந்திருந்தான். முன்பல் இரண்டுக்கும் நடுவே நல்ல சந்து, அதன் வழியே விசிலடிப்பான் என்பதால் படையில் அவனுக்குப் பெயரே விசில். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் இடது பக்கக் கீழ்க்கடைவாய்ப்பல் ஒன்று போயிருந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, அறிவுப்பல் நாலும் இன்னும் முளைக்கவில்லை என்றார். "இவனுக்கு அது எங்க சார் முளைக்கப் போவுது," என்றாள் அக்கா. டாக்டர் சிரித்துவிட்டார். விசிலும் வாயைப் பிளந்தபடியே சிரித்ததில் குழாய் நழுவிச் சட்டையெல்லாம் எச்சில். அந்த அமளியில்தான் அது நடந்தது. எதிரே உட்கார்ந்து பார்ப்பவளுக்கு அவனுடைய இடது, தன்னுடைய வலது. இல்லாத பல்லை அவள் வலது பக்கத்தில் குறித்தாள். எழுந்து போகும்போது எட்டிப் பார்த்த விசில், "அக்கா, கண்ணாடியப் பாத்தா எழுதுன? விழுந்தது இந்தப் பக்கம்," என்றான். "போடா, அப்புறம் மாத்திக்கறேன்," என்றாள். அடுத்த ஆள் நாற்காலியில் ஏறிவிட்டான். அதை அவள் மாற்றவே இல்லை.

விசிலின் வாயில் அச்செடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, எண் எழுதி அலமாரியில் வைத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவன் படைப்பிரிவு ஆற்றைக் கடந்து போனது. ஆற்றிலேயே ஒரு படகு கவிழ்ந்தது. அதிலிருந்தவர்களில் சிலர் கிடைத்தார்கள், சிலர் கிடைக்கவில்லை, விசில் கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திய அன்று அவனையும் இறந்தவர்கள் வரிசையில் சேர்த்தார்கள். வீட்டுக்கு இரண்டு பேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா கதவைப் பிடித்தபடி உட்கார்ந்தவள்தான், அன்று முழுவதும் எழுந்திருக்கவில்லை. பல்லக்கா மறுவாரம் வேலைக்குப் போனாள். மற்றவர்களின் அச்சையெல்லாம் துடைத்தாள், தம்பியின் அச்சைச் சுண்டிப் பார்க்க மட்டும் கை வரவில்லை. அந்த 'டங்' சத்தம் கேட்கும் வரைக்கும் அவன் இருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டினாள்.

குளிர்காலத்தில் ஒரு காலை, தூசி தட்டும்போது, விரலில் எதுவோ இடறியது. தம்பியின் அச்சில் கீழ்வரிசைக் கடைசியில், ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளை முனை. அறிவுப்பல்! "அடப் பாவி," என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். பிறகு சுண்டினாள். தொப். அலமாரி இருந்த ஆய்வுக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து, மேலங்கியை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாள்.

உறவினர் பார்வையிடும் நாளில் அம்மாவை வரவழைத்துக் காட்டினாள். அம்மா சுண்டுவிரலை அந்த முனையில் வைத்து, கைக்குழந்தையின் ஈறில் முதல் பல்லைத் தடவுவது போலத் தடவினாள்.

"இருக்கானா?"

"இருக்கான்மா. நீந்திக் கரையேறியிருக்கான். அப்படியே நடையக் கட்டிட்டான்."

"அப்ப ஏன் வீட்டுக்கு வரல?"

"வந்தா ஓடிப்போனவன்னு புடிச்சு உள்ள தள்ளிடுவாங்க. செத்தவங்க கணக்குல இருக்கற வரைக்கும்தான் அவன் பொழப்பான்."

அம்மா அந்த முனையிலிருந்து விரலை எடுத்தாள். "அப்ப நாம அழுதுகிட்டே இருக்கணும்," என்றாள். சொன்னபடியே செய்தாள். துக்கம் விசாரிக்க யார் வந்தாலும் முன்னைவிட நன்றாகவே அழுதாள். வந்தவர் தெருமுனை திரும்பியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டிருப்பானாடி?" என்று மகளைக் கேட்பாள்.

ஆனால் ஓர் ஆபத்து இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, இறந்து சில வருடம் தாண்டியவர்களின் அச்சுகளைப் பிரிவின் டாக்டரே ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் உடைத்துப் பொடியாக்கித் தோட்டத்துப் பாதையில் போட்டுவிடுவார்கள். 'தொப்' என்றால் இராணுவப் போலீசுக்குத் தகவல் போகும். அவர்கள் அச்சைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வாயைத் திறந்து பார்ப்பார்கள். அப்படி இரண்டு பேரைப் பிடித்தும் இருக்கிறார்கள். ஆகவே அந்த அலமாரி தன் கையில் இருந்தாக வேண்டும் என்று பல்லக்கா முடிவு செய்தாள். பல்செட் செய்யும் ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு மனுப் போட்டாள். பல்லைக் காட்ட யாரும் வராத நேரமெல்லாம் மெழுகில் பல் செதுக்கினாள், அக்ரிலிக் கலந்து அச்சில் அழுத்தினாள், விடியும் முன்பே போய் பாலிஷ் சக்கரத்தை மிதித்தாள். கார்ப்பரல் ஆனாள். தன் கீழே இரண்டு உதவியாட்களை வைத்து வேலை வாங்கும் சார்ஜெண்ட் ஆனாள். அலமாரிச் சாவி அவள் இடுப்புக்கு வந்தது. தம்பியின் அச்சை மேல்தட்டின் பின்வரிசையில், சுவரைப் பார்த்து வைத்தாள்.

சாவி வந்த பிறகும், ஆண்டுச் சோதனை அவள் கையில் இல்லையே. இரண்டு ஆண்டு ஏதேதோ சாக்குச் சொல்லி அந்தத் தட்டை ஒதுக்கினாள். மூன்றாம் ஆண்டு புதிதாக ஒரு கேப்டன் டாக்டர் வந்தார், அதிகம் பேசாதவர், எதையும் விட்டுவைக்காதவர். ஏணி போட்டுத் தானே ஏறி, பின்வரிசையிலிருந்து விசிலை எடுத்தார். சுண்டினார். தொப். கேப்டன் கீழே இறங்கி, அட்டையை வாங்கி, அச்சோடு வைத்துப் பார்த்தார். அட்டையில் வலது பக்கம் பல் இல்லை. அச்சில் இடது பக்கம் பல் இல்லை. இன்னொரு முறை பார்த்தார்.

"இது அந்தப் பையனோட அச்சு இல்ல. வேற யாரோ உயிரோட இருக்கறவனோடது. நம்பர் மாறியிருக்கு," என்றார். அட்டையைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். "எழுதுனது நீங்கதானா?"

"ஆமா சார். சேர்ந்த புதுசு. மொத அட்டை."

"மொத அட்டையில எல்லாரும் இடதை வலதுன்னுதான் எழுதுவாங்க. நானும் எழுதியிருக்கேன்." அட்டையை அவளிடமே நீட்டினார். "இதைத் திருத்த வேண்டாம்." அடுத்த அச்சைச் சுண்டினார், அது டங் என்றது. அதன் பிறகு விசில் பெயர் தெரியாதவர்களின் தட்டுக்குப் போனான், அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த கேப்டன் மாற்றலாகிப் போகும் வரைக்கும் அவர் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகவே விழுந்தது, அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்புறம் காலம் ஓடியது. தலைமையகத்துப் பெரிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமைப் பொறுப்பு என்று உத்தரவு வந்தது. மின்சார அடுப்பு, கண்ணாடிச் சன்னல், தோளில் இன்னொரு பட்டை. இளமையிலிருந்து அவள் ஏங்கிய வேலை அது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். மறுமுறை வந்தபோதும் வேண்டாம் என்றாள். அவளிடம் சிமெண்ட் குழைக்கக் கற்றுக்கொண்டவர்கள் அவளைத் தாண்டிப் போய், திரும்பி வரும்போது அவள் அவர்களுக்கு சல்யூட் அடித்தாள். பல்லக்காவுக்கு மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலித்தது, அது வேறு விஷயம்.

ஒரு கோடையில் விசிலின் மேல்கடைவாயில் சொத்தை விழுந்தது. நாளுக்கு நாள் குழி ஆழமானது. எந்த ஊரில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறானோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அச்சை விளக்கடியில் வைத்து, உயிருள்ள வாய்க்குச் செய்வது போலவே குழியைச் சுத்தம் செய்து, சிமெண்ட் வைத்து அடைத்து, பாலிஷ் போட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால், அத்தனை வருடமும் காரை படிந்து கிடந்த பல் வரிசை முழுக்கப் பளிச்சென்று துலக்கியிருந்தது. "இப்பவாவது பிரஷ்ஷத் தொட்டியே," என்று அச்சைத் திட்டினாள். அன்று பூராவும் அவள் முகத்தில் இருந்த களையைப் பார்த்து உதவியாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்படித்தான் அக்காவும் அம்மாவும் அவனோடு குடும்பம் நடத்தினார்கள். ஒரு வருடம் பற்கள் தேய்ந்து தட்டையாயின. ஏதோ கவலையில் தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறான் என்று அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வருடம் பல்லெல்லாம் முத்து மாதிரி இருந்தது, ஓரத்தில் ஒரு தங்க உறை வேறு பல்லிளித்தது. "கல்யாணம் பண்ணிக்கிட்டான்மா," என்றாள் பல்லக்கா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணிச்சா பாரு," என்று ஒரு வாரம் செத்துப்போன மகனோடு பேசாமல் இருந்தாள். அந்த அம்மா ஒரு பிற்பகல் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, பல்லக்கா அரத்தை எடுத்துக்கொண்டு அச்சின் முன் நின்றாள். முன்பல்லில் ஒரு கீறல் போட்டால், வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். மனம் வரவில்லை, வலிக்கும். அந்த முன்பல்மேல் விரலை வைத்தபடியே மணி அடிக்கும் வரைக்கும் நின்றிருந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. தங்க உறை போட்டது முதலில், அவள் அடைத்துக் கொடுத்தது கடைசிக்கு முந்தி. எல்லாவற்றுக்கும் கடைசியாக, முளைக்கவே முளைக்காது என்று அவள் கேலி செய்த அந்த அறிவுப்பல். அவள் ஓய்வு பெறும் ஆண்டில் அச்சில் வெறும் ஈறுதான் மிச்சம். யாரும் சொல்லாமல், எந்த உத்தரவும் இல்லாமல், அவள் அதன்மேல் ஒரு முழுப் பல்செட் செய்தாள். மெழுகில் பல் அடுக்கும்போது புதிய கேப்டனம்மா எட்டிப் பார்த்து, "அக்கா, முன்னாடி சந்து விழுந்திருக்கு பாருங்க," என்றார். "தெரியும்மா, அது அப்படித்தான் இருக்கணும்," என்றாள். முடித்து, கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தாள். தினமும் தண்ணீரை மாற்றினாள்.

செவ்வாய்க்கிழமைகளில் வெளியாட்களையும் பார்ப்பது அப்போது வழக்கமாகியிருந்தது. அந்த வரிசையில் ஒரு செவ்வாயன்று, துண்டால் வாயை மூடிக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். வாசல் காவலில் இருந்த சிப்பாய் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டு உள்ளே அனுப்பினான். பல்லக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவர் துண்டை எடுத்தார், கன்னங்கள் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"ஆச்சாக்கா?" என்றார், கொடுத்துவிட்டுப் போனதை வாங்க வந்தவர் மாதிரி.

"எப்பவோ ஆச்சு," என்றாள் அவள்.

நாற்காலியில் உட்கார வைத்தாள். டம்ளரில் இருந்ததை எடுத்து உதறி, மேல் செட், கீழ் செட் என்று அவன் வாயில் வைத்தாள். இரண்டும் அப்படியே போய் உட்கார்ந்தன. கடி சரியா என்று பார்க்கும் சிவப்புத் தாளை இடையில் வைத்து, "கடி," என்றாள். கடித்தான். "எங்கயாவது உறுத்துதா?" இல்லை என்று தலையாட்டினான். நாக்கால் உள்ளே சுற்றித் தடவிப் பார்த்தான். "அந்தச் சொத்தைய அடைச்சப்பவே தெரிஞ்சுடுச்சு. உன் பாலிஷ் எனக்குத் தெரியாதா," என்றான். முன்பல்லை விரலால் தொட்டு, "ஒருநாள் பூரா முன்பல்லு கதகதன்னே இருந்துச்சு. அம்மாவுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்," என்றான். அவள் ஆமாம் என்றாள். அவன் உதட்டைக் குவித்து ஊதினான். முதலில் வெறும் காற்றுதான் வந்தது, இரண்டாம் முறை வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி விசில் கேட்டது.

வெளியே அடுத்த ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். பல்லக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் பல்செட் வாங்கிப் போன ஒவ்வொருவருக்கும் சொன்னதையே தம்பிக்கும் சொன்னாள்.

"புதுசுல புண்ணாகும். அடுத்த வாரம் கண்டிப்பா வரணும். வராம இருந்துடாதே."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். புண் எதுவும் இல்லை.