தூங்கிய படங்களின் பட்டியல்

மௌனப் படங்களின் மாதம் முடிந்த ஞாயிறன்று, மாதாந்திரப் படச் சவாலில் சேர்ந்திருந்த அனைவருக்கும் குரல் திரும்பியது. ரயில் நிலைய அறிவிப்பாளருக்கு மட்டும் திரும்பவில்லை. பட்டியலைத் தயாரித்தவர் அவருடைய மனைவியே என்பதால், யாரைக் குறை சொல்வதென்று தெரியாமல் ஊரார் சில நாட்கள் தடுமாறினர். பிறகு இருவரையும் குறை சொன்னார்கள்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர். அட்டையின் கடைசி வரியைப் படிக்காமல் மனப்பாடமாக ஒப்பிப்பவர்களை, அவர்கள் வாய் திறந்ததுமே கண்டுபிடித்துவிடுவார். மாதம் பிறந்தால், ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, அதற்குரிய படங்களை வரிசைப்படுத்தி, கடைக் கண்ணாடியில் ஒட்டுவார்; சவாலில் சேர்ந்தவர்களின் கைபேசிக்கும் அனுப்புவார். ஊர் அவரைப் பட்டியலக்கா என்றது. அவரைவிட மூத்தவர்களும் அப்படியே அழைத்தனர். வரிசை மாறக்கூடாது, வேகமாக ஓட்டிப் பார்க்கக்கூடாது, திரையில் கடைசிப் பெயர் மறையும்வரை எழக்கூடாது என்பவை அவருடைய விதிகள். விதிகளைக் காப்பாற்றியவர்களின் வீட்டில் அந்த மாதத்தின் பொருள் மெல்ல வந்து தங்கிவிடும். பாலைவனப் படங்களின் மாதத்தில் செருப்புகளிலும் சர்க்கரை டப்பாக்களிலும் மணல் சேர்ந்தது. ரயில் படங்களின் மாதத்தில் மாலைதோறும் தட்டுகள் நடுங்க, ஜன்னலுக்கு வெளியே தந்திக் கம்பங்கள் பின்னோக்கிச் சென்றன. நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்து, கம்பங்கள் எவருடைய இடத்தையும் ஆக்கிரமிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இவையெல்லாம் மாதக் கடைசியில் தாமாகவே விலகும். விலக்குவதற்கென்றே ஒரு படத்தைப் பட்டியலக்கா இறுதியில் வைப்பார். பாலைவன மாதம் மழையில் முடிந்தது.

மௌன மாதத்தில், இரண்டாம் படம் முடிந்ததும் சவால்காரர்களின் குரல் நின்றது. உதடு அசைந்து ஓய்ந்தபின், நெஞ்சுக்கு நேராக ஒரு கறுப்பு அட்டை தோன்றும், ஓரங்களில் கொடி வேலைப்பாடும் நடுவில் வெள்ளை எழுத்துமாக, மெதுவாக வாசிப்பவருக்கும் போதுமான நேரம் நிற்கும், பின் மறையும். அட்டையில் பேச்சு முழுதும் வராது, சாரம் மட்டுமே வரும். தையல்காரரின் மாமியார் அரை மணி நேரம் கையை ஆட்டிப் பேசியதற்கு ‘எனக்குப் பசிக்கிறது’ என்ற ஒரே அட்டை வந்தது. அந்த வீட்டில் அதன்பின் சண்டை குறைந்ததாகச் சொல்கிறார்கள். பல் மருத்துவர் எதைச் சொன்னாலும் ‘வலிக்கும்’ என்றே வந்ததால், அவர் மட்டும் அந்த மாதம் முழுவதும் நோயாளிகளுக்கு முதுகைக் காட்டியபடி பேசினார். அறிவிப்பாளர் முன்யோசனையோடு மாதம் முழுவதற்கும் விடுப்பு எடுத்திருந்தார்.

விலக்கும் படம் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. அதில் இறுதிக் காட்சியில் மட்டும் பேச்சு உண்டு. புறப்படும் கப்பலில் நிற்கும் பெண், கரையில் நிற்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டதும், ஊரில் எத்தனை வீடுகளில் சவால் நடந்ததோ அத்தனை வீடுகளிலிருந்தும் அதே பெயர் உரக்கக் கேட்டது. தெருநாய்கள் எழுந்து நின்றன. பட்டியலக்காவும் கூப்பிட்டார். தன் குரலைக் கேட்ட மகிழ்ச்சியில் பக்கத்திலிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கன்னத்தில் சோபாவின் தையல் பதிந்திருந்தது.

“படத்தை முழுசாப் பாத்தீங்களா?”

அறிவிப்பாளர் நெடுநேரம் பேசினார். மின்விசிறியைக் காட்டினார், மதியச் சாப்பாட்டைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்தார். அட்டை வந்தது: ‘தூங்கிவிட்டேன்.’

கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டினார் மனைவி. பிறகு படத்தையே முதலிலிருந்து ஓட்டினார். பலனில்லை. மாதம் முடிந்திருந்தது, பட்டியலும் அதோடு செல்லாமல் போயிருந்தது.

விடுப்பு முடிந்து அறிவிப்பாளர் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே நிலைய அதிகாரி வீடு தேடி வந்தார். “நான் என்னதான் பண்ணட்டும், சொல்லுங்கக்கா? அஞ்சரை வண்டி அடுத்த பிளாட்பாரத்துக்கு மாறுதுன்னு இவரு ஜனங்க முன்னாடி நின்னு சொல்றாரு. ‘ஓடுங்கள்’னு அட்டை வருது. ஜனங்க வெளியே தெருவுக்கு ஓடிட்டாங்க! மேலிடத்துல மிஷின் குரலைப் போட்டுக்கச் சொல்றாங்க. மாசக் கடைசி வரைக்கும் கெஞ்சி அவகாசம் வாங்கி வச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல.” தேநீரைக் குடித்துவிட்டு, எவர் முகத்தையும் பார்க்காமல் போனார். அறிவிப்பாளருக்கு அந்தக் குரலைத் தவிர வேறு தொழில் தெரியாது.

பட்டியலக்காவின் தங்கை அடுத்த தெருவிலிருந்து வந்து தன் பங்கைச் சொன்னாள். “மாமா தூங்காம ஒரு படம் பாத்திருந்தாத்தான் அதிசயம். நீ பட்டியல்ல ஒரு தலையணையையும் சேத்திருக்கணும்க்கா.”

“சும்மா இருடி. எல்லாத்துக்கும் ஒரேடியாத் தூங்குவாரா என்ன? கொள்ளைக்காரன் படத்துல கிணத்துக்குள்ள இறங்கற வரைக்கும் முழிச்சிருந்தார். நீதிமன்றப் படத்துல ரெண்டாவது சாட்சி வர்ற வரைக்கும்.”

“அதையெல்லாமா ஞாபகம் வச்சிருக்க?”

திருமணமான நாள் முதல் எந்தப் படத்தில் எந்த இடத்தில் கணவரின் தலை சாய்ந்தது என்பது ஒன்று விடாமல் நினைவிலிருப்பதைப் பட்டியலக்காவே அப்போதுதான் அறிந்தார். தங்கை போனபின் கணவரிடம் கேட்டார். “தூக்கம் வரும்னு தெரிஞ்சும் ஏன் ஒவ்வொரு மாசமும் சேர்றீங்க?”

அவர் இம்முறை சுருக்கமாகவே பேசினார். அட்டையும் குறைவின்றி வந்தது: ‘உன் பக்கத்தில் உட்கார வேறு வழி தெரியவில்லை.’ கண் பரிசோதகர் அதை இரண்டு முறை வாசித்தார். அவருக்கு அந்த வழக்கம் இல்லை.

அந்த மாதப் பட்டியல் கடைக் கண்ணாடியில் ஒட்டப்படவில்லை. அது ஒருவருக்கு மட்டுமான பட்டியல். பொருள், அவர் தூங்கிய படங்கள். ஒவ்வொன்றும் தலை சாய்ந்த இடத்திலிருந்தே தொடங்கும். பாதிப் படம் பார்ப்பதைப் பாவமாகக் கருதிய பட்டியலக்கா, தன் விதியைத் தானே அழித்து எழுதினார். அதிகாலையில் கடையைத் திறந்து, மதியத்திலேயே மூடிவிட்டு வந்து, கணவர் அருகில் உட்கார்ந்தார். கிணற்றுக்குள் இறங்கிய கொள்ளைக்காரன் அங்கே தன் அண்ணனைக் கண்டான். இத்தனை ஆண்டுகளாக இறந்துவிட்டதாக அறிவிப்பாளர் நம்பியிருந்த நாயகிகள் பலர் பிழைத்திருந்தனர். நீதிமன்றப் படத்தில் குற்றவாளி யாரென்று தெரிந்ததும் அவர் சோபாவைவிட்டு எழுந்து நெடுநேரம் முழங்கினார், ‘அவனா!’ என்று வந்தது. ஊரில் அந்த மாதம் எவர் வீட்டிலும் எதுவும் நிகழவில்லை. சிலர் அலுத்துக்கொண்டனர்.

இறுதியில் கப்பல் படத்தையே வைத்திருந்தார். மாதத்தின் கடைசி மதியம் அது ஓடியது. அறிவிப்பாளர் கண்ணைக்கூட இமைக்காமல் பார்த்தார். கப்பலில் நின்ற பெண் கூப்பிட்டாள். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு மாதமாக அதிகாலையில் எழுந்த களைப்பில், பட்டியலக்கா வாய் சற்றே திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். அறிவிப்பாளருக்கு உடனே கூப்பிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன, விதி விதிதான். இசையமைத்தவர், உடை தைத்தவர், கயிறு பிடித்தவர் என ஒவ்வொருவராக மறையும்வரை அசையாமல் இருந்துவிட்டு, அதன்பிறகே குனிந்து உதட்டை அசைத்தார். அட்டை வரவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து, அவர் வாயை மூடிய பிறகு, “எழுந்திரும்மா, முடிஞ்சிருச்சு” என்று அவருடைய குரல் அறைக்குள் வந்து சேர்ந்தது.

காத்திருந்த நேரம் அந்தக் குரலிலேயே தங்கிவிட்டது. அன்று முதல் அது உதட்டுக்குச் சற்றுப் பிந்தியே வந்தது. நிலைய அதிகாரி இரண்டு நாள் கவனித்துவிட்டு, ஒலிவாங்கியைச் சற்றுத் தாமதித்து அணைத்தால் போதும் என்று முடிவு செய்தார். அந்த நிலையத்துக்கு வந்த எந்த வண்டியும் அவ்வளவு நேரத்தைப் பொருட்படுத்தும் வண்டியல்ல. மிஷின் குரல் பெட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டது. வீட்டில் பட்டியலக்கா கணவரின் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லப் பழகினார். விருந்தினர்கள் முதலில் பதிலையும் பிறகு கேள்வியையும் கேட்டார்கள். இரண்டாம் முறை வந்தபோது அதைக் கவனிக்கவும் இல்லை.

அடுத்தது பனிப் படங்களின் மாதம். சவால் நடந்த வீடுகளில் ஜன்னல்கள் வெளுத்தன. தையல்காரர் கையுறை அணிந்து துணி வெட்டினார். ஒரு மதியம், மூன்றாம் படத்தின் பாதியில் அறிவிப்பாளரின் தலை வழக்கம்போல் சாய்ந்தது. பட்டியலக்கா இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, அவர் தோளில் படிந்திருந்த பனியைத் தட்டிவிட்டார். அவர் திடுக்கிட்டு விழித்து உதட்டை அசைத்தார்.

“சரி, நம்பறேன். படத்தைப் பாருங்க” என்றார் பட்டியலக்கா.

“நான் தூங்கல” என்றது குரல்.