எருக்கம்பூ தெரியும் ஜன்னல்

எருக்கஞ்செடி சாய்ந்து, ஜன்னலில் வெயில் சட்டென்று உள்ளே பாய்ந்தபோதுதான் கந்தம்மாள் தலையைத் தூக்கினாள். அதுவரை, பாலில் நனைத்த பஞ்சால் கணவர் தீர்த்தகிரியின் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

வெளியே அரிவாள் விழும் சத்தம். அவருடைய தம்பி ஆண்டி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்துக் காலியிடத்தில் வெட்டிக்கொண்டிருந்தான். துத்தி போய்விட்டது. தும்பையும் போய்விட்டது. வேலியோரத்தில் ஓர் ஆவாரஞ்செடி மட்டும் மிச்சம்.

எதற்கு வெட்டுகிறான் என்று கேட்க வேண்டியதில்லை. 'ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டால், பங்காளிகள் வந்து இடத்தைச் சுத்தம் செய்வார்கள். நாலு பேர் வந்தால் உட்கார வேண்டுமே! ஆனால் மூச்சு இருக்கும்வரை பந்தல் என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கமாட்டார்கள்.

எடப்பாடியில் விசைத்தறிக்கு நடுவே முப்பது வருஷம் நின்றவர் தீர்த்தகிரி. சத்தத்தில் காது போனது. பஞ்சுத் தூசியில் நெஞ்சு போனது. மூன்று வருஷமாக ஜன்னலோரக் கட்டில்தான். யாரும் நடாமல் முளைத்த அந்தச் செடிகள்தான் அவருக்கு ஊரும் உலகமும். எருக்கம்பூவில் தலைகீழாகத் தொங்கும் தேன்சிட்டைப் பார்ப்பார். துத்தியில் சிவப்புப் பூச்சிகள் இரண்டிரண்டாகப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் இழுக்கும்.

"நம்மளாட்டமே பாரு," என்று சிரிப்பார்.

வாலைத் தூக்கிக்கொண்டு மண்ணில் மிடுக்காக நடக்கும் ஒரு கறுப்புக் குருவிக்கு ஆண்டி என்று பேர் வைத்திருந்தார். அது வாயைத் திறந்தால், "என்னன்னு சொல்லுது?" என்று அவளைக் கேட்பார். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து அவள் சொல்வாள். தறிக்கூடத்தில் பழகிய பேச்சு அது. "காப்பி ஆறிப்போச்சுங்குது, குடிங்க."

இப்போது அவர் கண் வெற்று ஜன்னலிலேயே நின்றது. உதடு அசைந்தது.

'எங்க?'

கந்தம்மாள் எழுந்து வெளியே போனாள்.

"தம்பி, போதும் உடுங்க சாமி."

"இன்னும் அரை மணி நேரந்தானுங்க அண்ணி. பாம்பு கீம்பு அடையுது. நீங்க போயி அண்ணனப் பாருங்க."

"மூணு வருசமா வராத பாம்பு இன்னிக்குத்தான் வருதுங்களா?"

ஆண்டி அரிவாளைப் புரட்டிப் பார்த்தான்.

"அவரு அதத்தான் பாத்துக்கிட்டே கெடப்பாருங்க," என்றாள். "அதுல வார குருவிய, பூச்சிய. ஒரு குருவிக்கு உங்க பேரு."

"எம் பேருங்களா?"

"பஞ்சாயத்துக்குப் போறவனாட்டம் வாலத் தூக்கிக்கிட்டு நடக்குமாம்."

சிரிக்க வாயெடுத்தவனின் முகம் கோணிப்போனது. "நீங்க ஒண்டியா என்ன பண்ணுவீங்கன்னுதான் அண்ணி... நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"தெரியுஞ் சாமி."

தன் தறியை நிறுத்திவிட்டு விடிகாலையிலேயே வந்தவன். நல்லது நினைத்து நீண்ட கையை என்ன சொல்லித் திட்டுவது? வெட்டியதை ஒட்ட வைக்கத்தான் யாரால் முடியும்?

உள்ளே வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். முருகா, இழுக்காமல் கூட்டிக்கொள் என்று வேண்ட நினைத்தாள், மனம் வரவில்லை. அவர் உதடு மறுபடி கேட்டது.

'எங்க?'

'குருவி தண்ணி குடிக்கப் போயிருக்குதுங்க,' என்று உதட்டை அசைத்தாள். 'வந்துரும்.'

ஐம்பது வருஷத்தில் அவரிடம் அவள் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டுத்தான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போது ஜன்னலில் நிழல் விழுந்தது. முதலில் இரண்டு இலை, பிறகு ஒரு பூங்கொத்து. எருக்கஞ்செடி மெல்ல எழுந்து நின்றது. கந்தம்மாள் எட்டிப் பார்த்தாள். சுவரோடு சுவராகக் குந்தி, வெட்டிய செடியின் அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தான் ஆண்டி.

"தெரியுதுங்களா அண்ணி?" என்று கிசுகிசுத்தான், காது கேளாத அண்ணனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல.

"இன்னுங் கொஞ்சம் மேல."

செடி உயர்ந்தது. தீர்த்தகிரியின் கண் அதில் போய் நின்றது. உதடு அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒரு குருவியும் வரவில்லை. ஆள் ஒளிந்திருக்கும் செடிக்கு எது வரும்? எறும்புகள் மட்டும் தண்டிலிருந்து இறங்கி ஆண்டியின் கையில் ஓடின. அவன் உதறவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. இலைகள் துவளத் தொடங்கின.

ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நேரம் நீண்டுகொண்டே போனது. ஒன்று வந்தது. கந்தம்மாள் அடுத்ததற்குக் காத்திருந்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பிறகும் காத்திருந்தாள்.

அவர் கண் செடியைப் பார்த்தபடியே இருந்தது. மூடிவிட வேண்டும், அவளுக்குக் கை எழவில்லை. குரலெடுத்தால் அடுப்படியில் இருக்கும் பக்கத்து வீட்டுச் சாலம்மாள் ஓடிவருவாள். தெருவே வந்துவிடும்.

"அண்ணி," என்றான் ஆண்டி வெளியிலிருந்து. எருக்கம்பால் அவன் முழங்கை வரை வழிந்து காய்ந்திருந்தது. "பாக்கறாருங்களா?"

"ம்," என்றாள்.

"அப்படீன்னா செரி. கைய மட்டும் மாத்திக்கறனுங்க."

செடி ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மறுபடியும் நேராக நின்றது.