ஞானதாசனுக்கு முளைத்த பால்பற்கள்

பெருவெள்ளம் வந்துபோனதற்கு மறுவருஷம், 1925 ஆடியில், ஆரல்வாய்மொழிக் கருப்பட்டி வியாபாரி ஞானதாசனுக்குக் கீழ்வரிசையில் ஒரு முன்பல் முளைத்தது. அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. கடைசிக் கடவாய்ப் பல்லும் விழுந்து வருஷங்கள் ஆகியிருந்தன. குழைந்த கஞ்சியும் கரைத்த கருப்பட்டியுமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. கணவாய்க் காற்று கூரை ஓடுகளைப் பிடுங்கி எறியும் பருவம் அது. கடைக்குத் தட்டி கட்டிக்கொண்டிருந்தவர் ஈறு அரிக்கிறதே என்று விரலை விட்டுப் பார்த்தார். பூண்டின் உள்பல்லளவில் ஒன்று தட்டுப்பட்டது. வைத்தியர் நாராயணபெருமாள் அவரை வெயிலில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, இது பால்பல் என்றார். கிழவனுக்கு எப்படிப் பால்பல் என்று கேட்டதற்கு, தனக்குப் பல்லைத் தெரியும், காரணம் தெரியாது என்றார். ஐப்பசிக்குள் பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பருத்தி விலை ஏறியதும் அந்தப் பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

ஞானதாசனுக்கு ஒரே மகள், தேவகனி. அவளைத் தக்கலையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஜெபசீலனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். 1919இல் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. செத்துப்போன தன் மனைவி பூங்கனியின் பெயரைத்தான் வைப்பார்கள் என்று ஞானதாசன் நம்பினார். கேட்டு வாங்க வேண்டிய விஷயமில்லை என்று இருந்துவிட்டார். ஞானஸ்நானத்தன்று போதகர் பெயரைக் கேட்டபோது ஜெபசீலன் லீலாபாய் என்றார். ஞானதாசன் பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே நடந்தார், சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தக்கலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மகள் ஆள்விட்டுக் கூப்பிட்டும் போகவில்லை. பேத்தியின் பெயரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. ஆனால் தக்கலையிலிருந்து வரும் வண்டிக்காரர்களிடம் அங்கே மழை உண்டா, காய்ச்சல் கீய்ச்சல் உண்டா என்று மட்டும் விசாரிப்பார்.

1926இல் மேல்வரிசை முன்பல் வந்தது. அது முளைக்கும்போதே ஓரம் உடைந்திருந்தது. வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் கொடுக்கும் சத்தியபாய் தக்கலைக்காரி. கருப்பட்டி வாங்க வந்தவள் அவர் கொட்டாவி விட்டதைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, வாய இன்னொருக்கத் தொறயுங்க.”

“என்னத்துக்கு?”

“இது உங்க தேவகனிக்க மவ பல்லுல்லா. ஆலயப் படியில விழுந்து ஒடச்சது. போன மாசம் நான் பாக்கத்தான் கூரையில எறிஞ்சா.”

ஞானதாசன் கருப்பட்டியை நிறுத்துக் கொடுத்தார். அவள் போனபின் நாக்கால் அந்த உடைந்த ஓரத்தைத் தடவிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். தான் பார்க்காமலே ஒரு பிள்ளை விழுந்து எழுந்து, அழுது, பல்லும் போட்டுவிட்டாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கடைத் தட்டியை இறக்கிக் கட்டினார். ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி எடுத்துக்கொண்டு நாகர்கோவில்வரை மாட்டுவண்டியிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாகத் தக்கலைக்குப் போய்ச் சேர்ந்தார். முற்றத்தில் ஒரு பெண்பிள்ளை புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய மேல்வரிசைப் பற்களின் நடுவே ஒரு வாசல் திறந்து கிடந்தது. அவர் குனிந்து சிரித்தார். அவள் கிட்டே வந்து அவர் வாய்க்குள் பார்த்தாள்.

“அது எனக்கப் பல்லுல்லா?” தொலைந்துபோன பென்சிலை இன்னொருத்தர் கையில் பார்த்ததுபோலத்தான் கேட்டாள்.

“ஒனக்கதுதான் மக்கா. வேணுமா?”

“வேண்டாம். எனக்கு வேற வருது. நீங்களே வச்சுக்கிடுங்க.”

“ஒனக்கப் பேரென்ன?”

“லீலாபாய்.”

“லீலாபாய்,” என்றார் ஞானதாசன். வாய்க்குச் சரியாக வருகிறதா என்று பார்ப்பதுபோல இன்னொரு தரமும் சொன்னார். கிணற்றடியில் நின்ற தேவகனியின் கையிலிருந்து கயிறு நழுவி வாளி உள்ளே விழுந்தது. “அப்பா,” என்றாள். ஜெபசீலன் உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கிவந்து, தோள்துண்டால் துடைத்து, மாமனாருக்குப் போட்டார்.

அதற்குப் பின் வந்த வருஷங்கள்தான் தன் ஆயுளில் நல்ல வருஷங்கள் என்று ஞானதாசன் பலரிடம் சொல்லியிருக்கிறார். ஈறு அரித்தால் பேத்திக்குப் பல் ஆடுகிறது என்று அர்த்தம். உடனே பஸ் ஏறிவிடுவார். தக்கலை வீட்டிலும் லீலாபாய்க்குப் பல் ஆடத் தொடங்கினால் தேவகனி உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். விழுந்த பல்லை லீலாபாய் கிழக்கே ஆரல்வாய்மொழியைப் பார்த்துக் கூரைமேல் எறிவாள். பாட்டா பக்கத்திலேயே நின்றாலும் அப்படித்தான் எறிவாள். அந்த வாரத்துக்குள் அது அவர் வாய்க்கு வந்துவிடும். ஒருமுறை ஒரு கடவாய்ப் பல் சொத்தையாகவே வந்து, அவர் கன்னம் வீங்கி, கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவர் கொண்டுபோன கருப்பட்டியைத் தின்று வந்த சொத்தை அது. அதன்பிறகு பெட்டியில் கருப்பட்டியைப் பாதியாக்கி மீதிக்கு நிலக்கடலை வைத்தார். ஐந்தாறு வருஷத்தில் அவருக்கு வாய் நிறையச் சின்னப் பற்கள். முறுக்கு கடித்தார், வறுத்த புளியங்கொட்டையும் மென்றார். லீலாபாய்க்குப் பால்பல்லெல்லாம் தீர்ந்து, ஈறு அரிப்பதும் நின்றது. அதற்கப்புறமும் அவர் மாதம் தவறாமல் போனார். யாரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

1937இல் லீலாபாயை நாகர்கோவில் அச்சுக்கூடத்தில் வேலைபார்த்த சுந்தரராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருஷம் தாய்வீட்டில் பையன் பிறந்தான். ஞானசிங் என்று பெயர். லீலாபாய் பிள்ளையோடு தாய்வீட்டிலேயே தங்கினாள். ஞானதாசன் கடையை விற்றுவிட்டுத் தக்கலைக்கே வந்துவிட்டார். பிள்ளை கவிழ்ந்து நீந்தத் தொடங்கிய நாளில், காலைச் சோற்றில் அவருடைய கீழ்வரிசை முன்பல் உதிர்ந்தது. மறுநாள் பிள்ளையின் ஈறில் அதே இடத்தில் வெள்ளை தெரிந்தது. தேவகனி விளக்குக் கொண்டுவந்து இரண்டு வாயையும் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். பிறகு ஒன்று இங்கே விழ, ஒன்று அங்கே முளைத்தது. 1939 கிறிஸ்துமஸுக்குள் முன்பற்கள் எல்லாம் பிள்ளையிடம் போய்விட்டன. தேவகனி ஏத்தம்பழத்தையும் சோற்றையும் ஒரே கிண்ணத்தில் பிசைந்து இரண்டுபேருக்கும் மாறிமாறி ஊட்டினாள்.

“வருத்தமா இருக்கா மாமா?” என்று ஜெபசீலன் ஒருநாள் கேட்டார்.

“இவன் முறுக்குக்கு அழுகான். கடவாய்ப் பல்லு இல்லாம எப்படிக் கடிப்பான்?” என்றார் ஞானதாசன். விரலை வாய்க்குள் விட்டுப் பின்பல்லை அசைத்துப் பார்த்தார். கொஞ்சம் ஆடியது. பங்குனிக்குள் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்துக்காக வாயைத் திறந்தார்.