ரொக்கம் கேட்ட சிக்ஸ்டன்

“ரொக்கம் மட்டும்னு போட்டிருக்கான். இதுலயே தெரியல, இவன் சரியில்லாத ஆளுன்னு?” என்றார் ரூனே.

மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைத்தான் சொன்னார். மேசைக் கணினி, மூவாயிரம் குரோனா, மூன்றாம் மாடி சிக்ஸ்டன். தடித்த பேனாவில் கட்டைவிரல் உயரத்துக்கு எழுத்து. ஸ்வீடனில் ஒரு ரொட்டி வாங்கினாலும் கைபேசியில்தான் பணம் போகும். ரொக்கம் கேட்கிறவன் எதையோ மறைக்கிறவன்.

“உனக்கு ஊர்ல எல்லாரும் திருடன்” என்றாள் மனைவி அன்னெலி. “திங்கக்கிழமை வேலை ஆரம்பம். உன் சந்தேகத்த மேசையில வச்சு டைப் அடிக்கட்டுமா?”

நூலக வேலை போய் ஏழு மாதத்துக்குப் பிறகு, நீதிமன்ற ஒலிப்பதிவுகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கிடைத்த கையோடு வீட்டுக் கணினி புகைந்து செத்தது. கையிருப்பு மூவாயிரம்தான்; கடையில் அதற்கு விசைப்பலகையும் நல்ல வார்த்தையும்தான் கிடைக்கும். வாங்குவது மக்கர் செய்தால் வேலையும் போச்சு.

சிக்ஸ்டன் மேல் ரூனேவுக்கு ஏற்கெனவே கடுப்பு. வசந்தத்திலிருந்து படியில் தலையசைத்தால் பதில் தலையசைப்பு கிடையாது. ரூனே வெளியே வந்தால் மேலே கதவு மெல்லச் சாத்தப்படும். படி காலியாகும்வரை கதவுக்குப் பின்னால் நிற்பது அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் பழக்கம்தான், ரூனேவுக்கும்தான். ஆனால் அடுத்தவன் செய்தால் அது திமிர்.

ஐந்து ஐந்நூறு நோட்டுகளை உறையில் போட்டார். ஆறாவதைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏதாவது குறை கண்டுபிடித்து விலையைக் குறைத்துப் பேசிவிடலாம் என்பது திட்டம். மேலே போய்க் கதவைத் தட்டி, கீழ் வீட்டிலிருந்து கணினி வாங்க வந்ததாகச் சொன்னார்.

“நானே கீழ கொண்டாந்து குடுக்கறேனே” என்றார் சிக்ஸ்டன், கதவைப் பாதி திறந்து.

“ஓடுறத பாக்காம வாங்க மாட்டேன்” என்று ரூனே காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். மறைக்க ஏதோ இருக்கிறது, சந்தேகமே இல்லை.

சிக்ஸ்டன் கணினியைத் தடவித் தடவி விசையைத் தேடினார். திரை ஒளிர்ந்தது. ஒரு எழுத்து உள்ளங்கை அகலம். மூன்று எழுத்தில் திரை நிரம்பிவிட்டது.

“பாத்தீங்களா, திரை அவுட்டு!” ரூனேவின் குரலில் சந்தோஷமே இருந்தது.

“திரைக்கு ஒண்ணுமில்ல. நான்தான் பெரிசாக்கி வச்சேன்” என்றார் சிக்ஸ்டன். “இப்ப இதுவும் தெரியல. கண்ணு நடுவுல ஒரே புகை. படியில யார் போறாங்கன்னே தெரியாது. அதான் எல்லாரும் போகட்டும்னு நிப்பேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“அப்ப ரொக்கம்?”

“கைபேசியில பணம் வந்துச்சான்னு எப்படிப் படிக்க? நோட்டுன்னா தொட்டாத் தெரியும்.”

ரூனே எழுத்தைச் சிறிதாக்கினார். ஒரு ஒலிப்பதிவை ஓடவிட்டார், நாலு வரி தட்டச்சு செய்து பார்த்தார், ஒரு குறையும் இல்லை. உறையை நீட்டினார். சிக்ஸ்டன் அதைப் பிரிக்காமலே சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“எண்ணிப் பாக்கலியா?”

“கீழ் வீட்டுக்காரர்கிட்ட என்னத்த எண்ணுறது?”

ரூனே கணினியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். அதற்கு மேல் கால் போகவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கணினியைக் கீழே வைத்தார்.

“அதுல ஒரு நோட்டு குறையுது. நான்தான் எடுத்து வச்சேன்.” ஆறாவது நோட்டை அவர் கையில் வைத்தார்.

சிக்ஸ்டன் அதை விரலால் நீவிப் பார்த்தார். கோபப்படவில்லை. “தலையாட்டினா எனக்குத் தெரியாது. இனிமே பேர் சொல்லிக் கூப்பிடுங்க” என்றார்.

திங்கட்கிழமை அன்னெலி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மேலே கதவுச் சத்தம் கேட்டது. ரூனே வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நின்றார், பிறகு திறந்துகொண்டு படிக்குப் போனார்.

“சிக்ஸ்டன், நான்தான், ரூனே” என்றார்.